பெயர் சொல்ல இடம் தாருங்கள்: எங்கள் சமுதாயக் கூடத்தின் நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

கடந்த ஜனவரி 31ஆம் தேதி மாலை நான்கரை மணிக்கு உங்களில் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு நாங்கள் மூன்று வாரங்களுக்கு முன்பே பணம் கட்டிப் பதிவு செய்திருந்த கூடத்தைத் தர இயலாது என்று தெரிவித்தார். காரணம் கேட்டபோது, "அரசியல் வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறோம்" என்றார். வெறும் பிரார்த்தனை என்றால் வேறொரு நாளில் பார்க்கலாம் என்றும், ஆனால் அதில் எந்த நாட்டின் பெயரும் வரக்கூடாது, இராணுவம் என்ற சொல் வரக்கூடாது, சிறையில் இருப்பவர்களின் பெயர்களோ இறந்தவர்களின் பெயர்களோ வாசிக்கப்படக் கூடாது என்றும், "அன்பு, அமைதி என்று பொதுவாகப் பேசிக்கொள்ளுங்களேன்" என்றும் சொன்னார். கூடம் மறுக்கப்பட்டதைவிட, பொதுவாகப் பேசிக்கொள்ளுங்கள் என்ற அந்த நிபந்தனையே இந்த மடலை எழுத வைத்தது.

நாங்கள் திட்டமிட்டிருந்தது மிகச் சிறிய நிகழ்ச்சி. மியான்மரில் இராணுவம் ஆட்சியைப் பறித்த 2021 பிப்ரவரி 1 முதல் ஐந்து ஆண்டுகள் நிறைவதை ஒட்டி ஐம்பது நாற்காலிகள், ஒரு மேசை, மேசைமேல் கவிழ்த்து வைக்க ஓர் எவர்சில்வர் பாத்திரம், நாற்பது பெயர்கள் எழுதிய தாள்கள், பதினைந்து நிமிட மௌனம், முடிவில், எல்லா உயிர்களிடத்தும் அன்பு கொள்ளச் சொல்லும் பௌத்தப் பாடலான மெத்தா சுத்தத்தின் தமிழாக்கத்தை அனைவரும் சேர்ந்து வாசித்தல். ஒலிபெருக்கிகூடக் கேட்கவில்லை. ஜனவரி 27ஆம் தேதியே காவல் நிலையத்தில் தகவல் கடிதம் கொடுத்து, முத்திரை பெற்ற நகலை உங்கள் அலுவலகத்தில் ஒப்படைத்திருந்தேன்.

எனக்குச் சொன்ன செய்தியை நான் தெரிந்த எல்லோருக்கும் சொன்னேன். மியான்மரிலிருந்து அடைக்கலம் தேடி வந்து கேளம்பாக்கத்தில் தங்கியிருக்கும் ரோஹிங்கியா முஸ்லிம் குடும்பங்களில் ஒன்றிலிருந்து ஒரு தந்தையும் அவருடைய மகளும் வருவதாக இருந்தது. அவரிடம் பகிர்ந்துகொள்ளும் கைப்பேசி ஒன்றுதான். என் அழைப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. இரண்டு பேருந்து மாறி வந்த அவர்கள், பூட்டிய கதவுக்கு முன்னால் நாற்பது நிமிடம் நின்றிருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது காவலாளி சங்கிலியைக் கையில் பிடித்தபடி, தான் ஏதோ குற்றம் செய்துவிட்டவர் போல் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிள்ளையின் கையில் வண்ணப் பென்சிலால் வரைந்த தாள் ஒன்று சுருட்டியிருந்தது. மேசையில் வைக்கலாமா என்று கேட்டாள். மேசை உள்ளே இருக்கிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், என் வீட்டு மொட்டை மாடிக்கு அழைத்துச் சென்றேன். அங்கே இருபத்து மூன்று பேர் பாய் விரித்து உட்கார்ந்து அந்த மாலையைக் கழித்தோம்.

2025 மார்ச் 28 அன்று மியான்மரில் 7.7 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டு, சகாயிங்கிலும் மாண்டலேயிலும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, இதே கூடத்தை நிவாரணப் பொருள் சேகரிக்க நான்கு நாட்கள் நீங்கள் வாடகை இல்லாமல் தந்தீர்கள். அரிசி மூட்டைகளை உங்களில் பலர் தோளில் சுமந்தீர்கள். அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் அந்த நிலநடுக்கம் நடந்த அடுத்த நாட்களிலும் அந்நாட்டு இராணுவம் வான்வழித் தாக்குதலை நிறுத்தவில்லை. இடிபாட்டுக்குள் இறந்தவருக்காக இந்தக் கூடத்தில் அழலாம், அதே ஊரில் குண்டு விழுந்து இறந்தவருக்காக அழக் கூடாது என்றால், நாம் துக்கப்படுவது இறந்தவருக்காகவா, அல்லது கொன்றவருக்குச் சங்கடம் வராத வகையிலா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

உங்கள் குழுவில் பாதிப் பேர் என்னைப் போலவே, இன்று மியான்மர் எனப்படும் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பத்தினர். உங்களுக்கு இதைச் சொல்வது எனக்கே வேதனையாக இருக்கிறது. 1962 மார்ச் 2 அன்று இராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தபோது என் தாயாருக்குப் பன்னிரண்டு வயது. அந்த ஜூலையில் ரங்கூன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைச் சுட்டுவிட்டு, மறுநாள் விடிகாலை அவர்களுடைய சங்கக் கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்தச் சத்தத்தை அவர் தன் வீட்டிலிருந்து கேட்டவர். 1964இல் தாத்தாவின் அரிசிக்கடை அரசுடைமை ஆனது. அதே ஆண்டு ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதில், கடைக்கு ஈடாகத் தாத்தா சேர்த்து வைத்திருந்ததும் காகிதமாயிற்று. அப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்ததால்தான் வியாசர்பாடியில் நம் தெருக்கள் உண்டாயின, கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் உண்டாயிற்று, இரண்டாவது கடற்கரைச் சாலையில் பர்மிய நூடுல்ஸான அத்தோ விற்கும் கடைகள் உண்டாயின. நாம் ஒரு சர்வாதிகாரத்தின் பிள்ளைகள். அந்த ஆட்சியின் பெயரைச் சொல்லாமல் நம் குடும்ப அட்டையின் கதையைக்கூடச் சொல்ல முடியாது.

கப்பலுக்கு முறை வரும்வரை, வீட்டைக் காலி செய்துவிட்ட என் தாயாரின் குடும்பத்துக்குத் தங்க இடமில்லை. பக்கத்து மடத்துப் பொங்கி (பர்மிய பௌத்தத் துறவி) ஒருவர் ஏழு பேரையும் பதினொரு நாள் மடத்துக் கூடத்தில் வைத்துக்கொண்டார். அந்நியருக்கு இடம் கொடுத்தால் விசாரிப்பார்கள் என்று மடத்துக்கு வந்த ஒருவர் எச்சரித்தபோது, "இவர்கள் என் அரிசியில் பாதியைப் பத்து வருடமாகப் போட்டவர்கள்" என்று மட்டும் அவர் பதில் சொன்னாராம். அது உண்மைதான். விடியற்காலையில் வரிசையாக வரும் பொங்கிகளுக்கு அம்மாவின் வீட்டில் ஒரு சட்டி சோறு தனியாக வடிப்பார்கள். புத்தரின் கருணை என்று என் தாயார் சொல்லும்போது அவர் நினைப்பது அந்தப் பதினொரு நாளைத்தான். அந்தக் கருணைக்கு ஒரு முகவரி இருந்தது, ஏழு பேருக்குப் பாய் இருந்தது, விசாரணைக்கு ஆளாகும் அபாயம் இருந்தது. அது பொதுவான அன்பு அன்று.

மேசைமேல் பாத்திரத்தை ஏன் கவிழ்த்து வைக்கிறீர்கள் என்றும் உங்களில் ஒருவர் கேட்டார். தொலைபேசியில் சொல்ல வாய்க்காததை இங்கே விரிவாகச் சொல்கிறேன். 2007 ஆகஸ்டில் எரிபொருள் விலையை அந்நாட்டு அரசு ஒரே நாளில் பல மடங்கு ஏற்றியது. மக்கள் தெருவுக்கு வந்தார்கள். செப்டம்பர் 5 அன்று பக்கொக்கு என்ற ஊரில் ஊர்வலம் சென்ற பிக்குகளைப் படையினர் அடித்தனர். மன்னிப்புக் கேட்க செப்டம்பர் 17 வரை பிக்குகள் கெடு விதித்தனர். மன்னிப்பு வரவில்லை. மறுநாள் முதல் அவர்கள் பிச்சைப் பாத்திரத்தைக் கவிழ்த்தார்கள்: இராணுவத்தாரிடமிருந்தும் அவர்களைச் சேர்ந்தவர்களிடமிருந்தும் இனிச் சோறு ஏற்பதில்லை என்பது அதன் பொருள். பௌத்தர்களுக்குப் பிக்குவுக்கு அளிக்கும் சோறே புண்ணியம். அதை ஏற்க மறுப்பது, உன் பதவியும் படையும் உனக்கு எந்தப் புண்ணியத்தையும் தராது என்று ஊரறியச் சொல்வது. பிறகு ஆயிரக்கணக்கான பிக்குகள் வெறுங்காலுடன் மெத்தா சுத்தத்தை ஓதியபடி ரங்கூன் தெருக்களில் நடந்தார்கள். தாயொருத்தி தன் ஒரே பிள்ளையை உயிரைக் கொடுத்தும் காப்பதுபோல எல்லா உயிர்களிடத்தும் மனம் வேண்டும் என்று சொல்லும் அதே சுத்தம். நாங்கள் வாசிக்க இருந்ததும், நீங்கள் பெயர் சொல்லாமல் வாசிக்கச் சொன்னதும் அதைத்தான். செப்டம்பர் கடைசி வாரத்தில் துப்பாக்கிகளும் தடிகளும் வந்தன, மடங்கள் நள்ளிரவில் சோதனையிடப்பட்டன.

பாத்திரத்தைக் கவிழ்க்கும் வழக்கம் 2007இல் பிறந்ததன்று. 1990இல் மாண்டலே பிக்குகளும் இதையே செய்தார்கள். அதன் வேர், பிக்குகளுக்கான ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய பிடகத்திலேயே இருக்கிறது. லிச்சவி குலத்தைச் சேர்ந்த வட்டன், குற்றமற்ற பிக்கு ஒருவர்மீது தீயவர் தூண்டுதலால் பொய்ப்பழி சுமத்துகிறான். சங்கம் கூடி அவனுக்குப் பாத்திரத்தைக் கவிழ்க்கத் தீர்மானிக்கிறது. ஆனந்தர் போய் அதைச் சொன்னதும் அவன் மயங்கி விழுகிறான். பிறகு ஈர உடையும் ஈரத் தலையுமாக உறவினரோடு புத்தரிடம் வந்து, தான் செய்தது பிழை என்று ஒப்புக்கொள்கிறான். சங்கம் மறுபடி கூடிப் பாத்திரத்தை நிமிர்த்துகிறது. இந்தக் கதையில் என்னை விடாமல் பிடித்திருப்பது இரண்டு செய்திகள். ஒன்று, பிழை செய்தவன் யார், செய்தது என்ன என்று பெயரிட்டே சங்கம் பேசுகிறது. மற்றொன்று, பாத்திரம் உடைக்கப்படுவதில்லை, நிமிர்த்துவதற்காகவே கவிழ்க்கப்படுகிறது. பெயர் சொன்னால் வெறுப்பு வளரும் என்று நீங்கள் அஞ்சுகிறீர்கள். பெயர் சொல்லாவிட்டால் வட்டன் எதற்காகத் திரும்பி வந்திருப்பான்?

2021 பிப்ரவரி முதல் வாரத்தில், இரவு எட்டு மணிக்கு என் பெரியம்மா மகன் ரங்கூனிலிருந்து அழைத்தார். எதுவும் பேசாமல் கைப்பேசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். பேயை விரட்டப் பாத்திரம் தட்டும் பழைய வழக்கத்தை அந்த நகரம் இராணுவத்துக்கு எதிராகத் திருப்பியிருந்தது. சட்டி, தட்டு, தகரம் எனத் தெரு முழுதும் ஒலித்தது. என் தாயார் சமையலறைக்குச் சென்று ஒரு தட்டையும் கரண்டியையும் எடுத்து வந்து, கைப்பேசியின் அருகே வைத்துத் தட்டத் தொடங்கினார். எழுபது வயதில், வியாசர்பாடியில், அவர் தட்டியது அங்கே கேட்டதா என்று தெரியாது. ஆனால் அண்ணன் அழுதது எங்களுக்குக் கேட்டது. அந்த வாரத்தில்தான் மருத்துவர்களும் செவிலியர்களும் சிவப்பு நாடா அணிந்து அரசுப் பணியைப் புறக்கணித்தார்கள்; ஆசிரியர்களும் ரயில்வே ஊழியர்களும் பின்தொடர்ந்தார்கள். எங்கள் தாளில் முதல் பெயர் மியா த்வே த்வே காயிங். பிப்ரவரி 9 அன்று போராட்டத்தில் தலையில் சுடப்பட்டு, நினைவின்றிக் கிடந்தபடியே இருபதாவது பிறந்தநாளைக் கடந்து, 19ஆம் தேதி இறந்த பெண். 2022 ஜூலையில் இராணுவ ஆட்சி தூக்கிலிட்ட ஜனநாயகப் போராளிகள் பியோ ஸேயா தோ, கோ ஜிம்மி ஆகியோரின் பெயர்களும் அதில் இருந்தன. இவற்றை வாசிப்பது அரசியல் என்றால், என் தாயார் தட்டைத் தட்டியதும் அரசியல்தான்.

உங்கள் குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் பிறகு நேரில் கேட்ட கேள்வி வேறு. அதற்கு நான் தலைவணங்கிப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். "ஈழத்தில் நம்மவரை அழித்தவர்கள் ஓதிய மந்திரத்தை இங்கே கொண்டுவந்து ஓதுகிறாயா?" என்று கேட்டார். அவருடைய கோபம் நியாயமானது. இலங்கையில் காவியுடை அணிந்தவர்கள் தமிழருக்கு உரிமை தரும் ஒப்பந்தங்களை எதிர்த்துத் தெருவில் இறங்கியதை நாம் அறிவோம். மியான்மரிலும் விராது போன்ற பிக்குகள் இஸ்லாமியருக்கு எதிராக வெறுப்பைப் பரப்பினார்கள். 2017இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்துக்கு ஓடியபோது, அதைத் தடுக்க, அப்போது அரசை வழிநடத்திய ஆங் சான் சூச்சியும் முன்வரவில்லை, 2019இல் பன்னாட்டு நீதிமன்றத்தில் தன் நாட்டு இராணுவத்தின் சார்பாகவே வாதாடினார். எனவேதான் அவருடைய படத்தை மேசையில் வைப்பதில்லை என்று நாங்கள் முடிவு செய்தோம். எனவேதான் கேளம்பாக்கத்திலிருந்து அந்தத் தந்தையை அழைத்தோம். காவியுடை எதற்கும் உத்தரவாதம் அன்று. அதிகாரத்தின் பந்தியில் உட்கார்ந்து உண்ணும் பிக்குவும் உண்டு, அந்தப் பந்தியை மறுத்துப் பாத்திரத்தைக் கவிழ்க்கும் பிக்குவும் உண்டு; நான் இரண்டாமவரோடு நிற்கிறேன்.

2021க்குப் பிறகு பர்மிய இளைஞர்கள் பலர், "உங்களை அடித்தபோது நாங்கள் நம்பவில்லை, மன்னித்துவிடுங்கள்" என்று ரோஹிங்கியாக்களிடம் வெளிப்படையாகவே கேட்டார்கள். 2022 மே 18 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் போராட்டக்காரர்கள் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைவுகூர்ந்தார்கள்; சிங்களவர் கைகளிலும் முள்ளிவாய்க்கால் கஞ்சி இருந்தது. அது போதும் என்று நான் சொல்லவில்லை, நீதி அதனால் கிடைத்துவிடவும் இல்லை. ஆனால் தன் முதுகில் தடி விழுந்தபின் பக்கத்து வீட்டாரின் பழைய காயம் கண்ணில் படுகிறதே, அந்த ஒரு கணத்தை நாம் கைவிடக் கூடாது. ஈழத்துக்காக உலகம் வாய் திறக்கவில்லை என்று நாற்பது ஆண்டாகக் குமுறும் நாம், இன்னொருவரின் பெயரை நம் கூடத்தில் சொல்ல விடமாட்டோம் என்றால் அந்தக் குமுறலுக்கு என்ன பொருள்?

தூரத்து நாட்டுச் சங்கதி நமக்கெதற்கு என்பதற்கு விரிவான பதில் தேவையில்லை. பர்மாவுக்கே திரும்பிச் செல்லப் புறப்பட்டு எல்லையில் தடுக்கப்பட்ட நம்மவர்கள் குடியேறிய மணிப்பூர் மோரேயிலிருந்து, 2022 ஜூலையில் எல்லை தாண்டி மியான்மரின் தமு நகருக்குச் சென்ற தமிழ் இளைஞர்கள் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டில் வேலை என்று ஏமாற்றப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரின் மியாவடி நகரத்து இணைய மோசடிக் கூடாரங்களில் அடைக்கப்பட்டு, மீட்கப்பட்டுச் சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். சட்டம் செத்த நாட்டின் கேடு அதன் எல்லைக்குள் நிற்பதில்லை.

இந்த நகரத்துக்கும் இது புதியதன்று. அயோத்திதாசர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை இராயப்பேட்டையில் தொடங்கியது தியானம் செய்வதற்காக மட்டும் அன்று. சாதியால் மிதிக்கப்பட்டவர்கள் ஒருவரோடொருவர் நிற்பதற்காக. அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மணிமேகலை, சோழ மன்னனிடம் தனக்கென எதுவும் கேட்காமல், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தரும்படி கேட்டாள். பொதுவாக அன்பாயிரு என்று அவள் மன்னனுக்கு உபதேசம் செய்துவிட்டுப் போகவில்லை. பூட்டிய இடம் இன்னது, திறக்க வேண்டியது இன்னது என்று கைகாட்டினாள்.

உங்கள் அச்சத்தை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூடத்தின் உரிமத்துக்கு ஏதேனும் சிக்கல் வருமோ, உள்ளூரில் யாரேனும் புகார் செய்வார்களோ என்ற கவலை உங்களுக்கு உண்டு. முப்பத்தொரு ஆண்டுகள் அரசுப் பணியில் இருந்தவன் நான். கேட்கப்படாத கேள்விக்கும் முன்கூட்டியே பணிந்துபோகும் பழக்கம் என் உடம்பிலும் ஊறியிருந்தது. ஆனால் இம்முறை உங்களை யாரும் தடுக்கவில்லை. காவல் நிலையம் தடுக்கவில்லை, ஒரு கடிதமோ ஒரு தொலைபேசி அழைப்போ வரவில்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். இல்லாத உத்தரவுக்கு நாமாகக் கீழ்ப்படிவதுதான் எந்த ஊரிலும் எதேச்சதிகாரத்துக்குக் கிடைக்கும் முதல் வசதி. பர்மாவிலும் அது அப்படித்தான் வேர்விட்டது என்று என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

முடிவு எடுக்கப்பட்ட முறையும் எனக்கு ஏற்புடையதன்று. பதினொரு பேர் கொண்ட குழுவில் மூவர் தொலைபேசியில் பேசி முடிவெடுத்ததாக அறிகிறேன்; குழு கூடவில்லை, குறிப்பேட்டில் ஒரு வரியும் இல்லை. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அண்ணல் அம்பேத்கர், நாடாளுமன்ற நடைமுறை இந்தியாவுக்குப் புதிதன்று என்பதற்குப் பௌத்தச் சங்கங்களையே சான்று காட்டினார்: தீர்மானம், குறைந்தபட்ச வருகை, வாக்கெடுப்பு, வாக்கு எண்ணிக்கை அனைத்தும் அவற்றில் இருந்தன என்றார். அவர் படத்தை நம் கூடத்தின் நுழைவாயிலில் மாட்டியிருக்கிறோம்.

ஆகவே நான் கேட்பது இவை. பிப்ரவரி 1 நிகழ்ச்சியை ரத்து செய்ததற்கான காரணத்தை, யார் யார் எடுத்த முடிவு என்ற விவரத்துடன், எழுத்தில் தாருங்கள். முன்பணத்தைத் திருப்பி அனுப்பிய காசோலையை நான் வங்கியில் போடவில்லை. அதை ரத்து செய்துவிட்டு, அதே தொகைக்கு ஏப்ரல் மாதத்துக்குள் ஒரு ஞாயிறு மாலையை எங்களுக்கு ஒதுக்குங்கள். நிகழ்ச்சியில் எந்தப் பெயர் வாசிக்கப்படலாம், எது கூடாது என்ற நிபந்தனை எதையும் விதிக்காதீர்கள். வன்முறையைத் தூண்டும் பேச்சு, பிற சமூகத்தை இழிவுபடுத்தும் பேச்சு ஆகியவற்றுக்கு மட்டும் தடை என்ற விதியைப் பொதுக்குழுவில் வைத்து, எல்லா நிகழ்ச்சிகளுக்கும் ஒன்றுபோலப் பொருந்துமாறு வாக்கெடுத்து நிறைவேற்றுங்கள். ஏற்கெனவே பணம் கட்டிய நிகழ்ச்சியை, முழுக் குழு கூடிக் குறிப்பேட்டில் பதியாமல், ஏழு நாட்களுக்குக் குறைந்த அவகாசத்தில் யாரும் ரத்து செய்ய முடியாது என்பதையும் அந்த விதியில் சேருங்கள். கேளம்பாக்கத்துக் குடும்பத்துக்குக் குழுவின் சார்பில் ஒருவர் நேரில் சென்று வருத்தம் தெரிவியுங்கள். நானும் உடன் வருகிறேன். அந்தப் பிள்ளையின் படம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. நடுவே ஓர் ஆறு பிரிக்கும் இரண்டு வீடுகளும், ஆற்றின்மேல் ஒரு பாலமும் வரைந்திருக்கிறாள். நிகழ்ச்சியன்று அதைக் கூடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்ட அனுமதி தாருங்கள்.

இம்மாதம் இறுதி ஞாயிற்றுக்கிழமை குழுக்கூட்டம் இருப்பதாக அறிகிறேன். அதற்குள் பதில் வராவிட்டால், பொதுக்குழுவைக் கூட்டக் கோரும் மனுவில் உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கத் தொடங்குவேன். முதல் கையெழுத்தை என் தாயார் ஏற்கெனவே போட்டுவிட்டார்.

இப்படிக்கு,
கூடத்தின் ஆயுள் உறுப்பினர் ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை